கொல்லைக் கதவுக்கும் ஒரு வலை

ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கொசு. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நம் வீடுகளில் தினமும் நடக்கிற வழக்குதானே இது! எங்கள் வீட்டிலும் பல வருஷமாக நடந்தது. சாயங்காலம் ஆறு மணி ஆனால் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டுக் கொசுவத்திச் சுருளை ஏற்றி வைப்பேன். அந்தப் புகையில் என் மாமியாருக்கு இழுப்பு வந்துவிடும். "கொசு கடிச்சாலும் கடிக்கட்டும், இந்தப் புகை வேண்டாம்மா" என்பார்.

2023 ஐப்பசியில் என் சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது ஆறாம் வகுப்பு படித்துக் கொண்டிருந்தாள். சாதாரணக் காய்ச்சல் என்று நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாளும் விடவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் டெங்கு! ஐந்து நாள் ஆஸ்பத்திரி வாசம். காய்ச்சல் இறங்கியதும், 'அப்பாடா' என்று மூச்சு விட்டேன். டாக்டரம்மா விடவில்லை. "இப்பத்தாம்மா கவனமா இருக்கணும். காய்ச்சல் விடுற சமயத்துலதான் சிலருக்கு ஆபத்து வரும். வயித்துவலி, ஓயாத வாந்தி, ஈறுல ரத்தம், துவண்டு போறது, இதுல எது தெரிஞ்சாலும் உடனே கூப்பிடுங்க" என்றார். அந்த இரண்டு ராத்திரியும் நான் கண் மூடவில்லை.

கடவுள் புண்ணியத்தில் பெண் பிழைத்து வந்தாள். வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டரம்மா, "வீட்டு ஜன்னலுக்கெல்லாம் வலை இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லே டாக்டர். ஆனா ஆறு மணிக்கெல்லாம் சாத்திடுவேன்" என்றேன் பெருமையாக.

அவர் சிரித்துவிட்டார். "டெங்கு கொசு பகல்ல கடிக்கிறதும்மா. காலையிலயும், பொழுது சாயறதுக்கு முன்னாடியும்தான் ஜாஸ்தி. நீங்க சாத்தறதுக்குள்ள அது உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில உட்கார்ந்திருக்கும்!"

எனக்குச் சுருக்கென்றது. சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. வளையல் வாங்க வைத்திருந்தேன். முதலில் வலை, அப்புறம் வளையல் என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் செய்த இரண்டு தப்பு

கடையில் ஒட்டும் பட்டையோடு வலை விற்கிறார்களே, அதை வாங்கி நானே ஒட்டினேன். ஒரே மாதத்தில் தொங்கிவிட்டது! காரணம், பட்டையைச் சுண்ணாம்புச் சுவரில் ஒட்டியதுதான். சுண்ணாம்பு உதிர, பட்டையும் கூடவே வந்துவிட்டது. பெயிண்ட் அடித்த மரச் சட்டத்தில், ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டியிருந்தால் நின்றிருக்கும்.

அடுத்து ஒரு தச்சரைக் கூப்பிட்டேன். வலையை உள்பக்கம் இழுத்து, மரப் பட்டி வைத்து ஆணி அடித்துவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. அன்று ராத்திரி மழை! நம் ஜன்னல் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை. கம்பிக்குள் கையை விட்டு இழுத்துத்தான் சாத்த வேண்டும். கையை எங்கே விடுவது? வலைதான் அடைத்துக் கொண்டிருக்கிறதே! படுக்கை நனைந்ததுதான் மிச்சம். "யோசிக்காம பண்ணினா இப்படித்தான்" என்று என் வீட்டுக்காரர் சொன்னதையும் கேட்டுக் கொண்டேன்.

வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலுக்கு, உள்பக்கம் திறந்து மூடுகிற சட்டம் போட்ட வலைதான் சரி. செலவைக் குறைக்க வேண்டுமானால் ஒட்டும் பட்டை வலையே போதும். ஒரு மூலையைப் பிரித்துக் கையை விடலாம். பக்கவாட்டில் நகரும் கண்ணாடி ஜன்னல் என்றால், அதே தண்டவாளத்தில் ஓடும் வலைக் கதவு போடலாம்.

எந்த வலை நல்லது?

கடைக்காரர் '18-க்கு 16' என்று சொல்வார். பயந்துவிடாதீர்கள். ஓர் அங்குல நீளத்தில் ஒரு பக்கம் 18 கண், மறு பக்கம் 16 கண் என்று அர்த்தம். கொசுவைத் தடுக்க இது போதும். இன்னும் நெருக்கமான வலை வாங்கினால் பொடிப் பூச்சியும் வராது, ஆனால் காற்றும் குறைந்துவிடும்.

நைலான் வலை விலை மலிவு. வெயிலில் சீக்கிரம் இற்றுப் போகும். ஃபைபர் கிளாஸ் வலை துருப்பிடிக்காது, கழுவவும் சுலபம். ஆனால் எலி, அணில் கடித்துவிடும், பூனை நகத்தால் கிழித்துவிடும். எவர்சில்வர் கம்பி வலை விலை கூடுதல் என்றாலும் நெடுநாள் உழைக்கும். தரைத்தள அறைக்கும் சாமான் அறைக்கும் அதுதான் நல்லது. துத்தநாகம் பூசிய இரும்பு வலை நாளாவட்டத்தில் துருப்பிடிக்கும். கடலோர ஊர்க்காரர்கள் அதை வாங்கவே வேண்டாம்.

அளவு எடுக்கும்போது

அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உயரத்தையும் அப்படியே. பழைய வீடுகளில் மூன்றும் ஒன்றாக இருக்காது! நிலைக்கு உள்ளே பொருத்துகிற சட்டமானால் மூன்றில் சிறியதை எடுத்துக் கொள்ளுங்கள். மூலைக்கு மூலையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் ஜன்னல் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். இதை ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு என்ன விலை என்று கேட்டு, எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

கொல்லைக் கதவு

ஜன்னலுக்கெல்லாம் போட்டுவிட்டுக் கதவை மறந்துவிடுகிறோம். எங்கள் கொல்லைக் கதவு விடிந்தால் திறந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் சாத்தப்படும். அதற்கு அலுமினியச் சட்டத்தில் தனியாக ஒரு வலைக் கதவு போட்டோம். தானாக மூடிக்கொள்ள ஸ்பிரிங் வைத்தோம். குழந்தைகள் காலால் தள்ளுவார்கள் என்று கீழே இரண்டடிக்குத் தகடு. தரைக்கும் கதவுக்கும் நடுவே உள்ள சந்துக்கு ரப்பர் பட்டை. மாடி பால்கனியில் நகரும் கதவு இருந்தால் மடிப்பு வலையும் போடலாம், இடத்தை அடைக்காது. ஆனால் ஒன்று: வலை கொசுவைத்தான் தாங்கும், குழந்தையைத் தாங்காது. மாடி ஜன்னலில் கம்பி கட்டாயம் இருக்க வேண்டும்.

குளியலறை வெண்டிலேட்டர், செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாய், இவற்றையும் வலையால் கட்டிவிடுங்கள்.

வலை போட்டும் கொசு!

எல்லாம் முடிந்து பத்து நாளில் கூடத்தில் மறுபடியும் கொசு! மாமியார்தான் கண்டுபிடித்தார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிற தட்டில் புழுக்கள் நெளிந்தன. வெளியிலிருந்து வருவதைத் தடுத்துவிட்டு, உள்ளேயே வளர்த்துக் கொண்டிருந்திருக்கிறேன்! டெங்கு கொசு பெரும்பாலும் சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு தடவை ஃப்ரிட்ஜ் தட்டு, மணி பிளாண்ட் பாட்டில், பூந்தொட்டித் தட்டு, குடம், தொட்டி எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்துக் கவிழ்த்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே இந்த வேலையும் முடிந்துவிடும்.

வலையில் தூசி படிந்தால் காற்று வராது. மாதம் ஒரு முறை மென்மையான பிரஷ்ஷால் தட்டி, சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும். சமையலறை வலையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். அதைக் கழற்றிக் கழுவுகிற மாதிரி அமைத்துக் கொள்ளுங்கள். சின்ன ஓட்டை விழுந்தால் அன்றே தைத்துவிடுங்கள். கொசுவுக்கு அந்த ஓர் ஓட்டை போதும்.

இப்போது எங்கள் வீட்டில் சாயங்காலமும் ஜன்னல் திறந்திருக்கிறது. சுருள் வாங்குவதை விட்டாயிற்று. மாமியார் காற்றாட உட்கார்ந்து பூத் தொடுக்கிறார். என் சின்னப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கிறாள். என்ன படித்துக் கொண்டிருந்தாலும், கொல்லைப் பக்கம் சத்தம் கேட்டால் போதும், "அப்பா! வலைக் கதவு!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அவரும் திரும்பிப் போய்ச் சாத்திவிட்டு வருவார்.

என் கை வளையல் இன்னும் வாங்கவில்லை. அடுத்த சீட்டில் பார்த்துக் கொள்ளலாம்.