உங்களுக்குத் தெரியுமா? விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் வண்டி

பயணிகள் விமானத்தின் சக்கரங்களைச் சுழற்ற மோட்டார் கிடையாது. தரையில் ஓடுவதும் என்ஜின்களின் உந்துவிசையால்தான். அந்த விசையை எதிர்ப்பக்கம் திருப்பிப் பின்னால் வரவும் முடியும். ஆனால் முனையக் கட்டடத்தின் அருகே அது ஆபத்து. தூசியும் கல்லும் பறந்து என்ஜினுக்குள்ளேயே புகுந்துவிடலாம். அதனால்தான் தரையோடு தரையாக, தாழ்வாக ஒரு இழுவை வண்டி வந்து நிற்கிறது. பெரிய விமானங்களுக்கானவற்றில் சில 50 டன்னுக்கும் மேல் எடை கொண்டவை. எடை இல்லாவிட்டால் டயருக்குப் பிடிமானம் இருக்காது.

வண்டியையும் விமானத்தின் முன்சக்கரத்தையும் இணைக்கும் இரும்புத் தண்டில் ஒரு சின்ன ஆணி உண்டு. விசை அளவு மீறினால் உடைவதற்கென்றே செய்யப்பட்டது அது. தான் உடைந்து சக்கரத் தொகுதியைக் காப்பாற்றும். எவ்வளவு அருமையான யோசனை! தள்ளி முடித்ததும் தரைப் பணியாளர் சிவப்பு நாடா கட்டிய இன்னொரு ஊசியை உயர்த்தி விமானிக்குக் காட்டுவார். தள்ளும்போது விமானியின் ஸ்டியரிங் முன்சக்கரத்தைத் திருப்பாமல் தடுத்து வைத்திருந்தது அந்த ஊசிதான். அதை எடுத்துவிட்டோம் என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது விமானியே ஓட்டும் ‘டாக்ஸிபாட்’ வண்டியும் வந்துவிட்டது. என்ஜினை இயக்காமலேயே ஓடுபாதை அருகே வரை போகலாம்; எரிபொருள் மிச்சம். பயணிகளுடன் ஒரு ஏர்பஸ் ஏ320 விமானத்தை உலகிலேயே முதன்முறையாக இப்படி இழுத்துச் சென்றது, 2019 அக்டோபரில், நம் டெல்லி விமான நிலையத்தில்தான்.