105-ம் எண்ணைப் பார்!

சமையலுக்கு வழி காட்டிய இங்கிலாந்துப் பெண்

புதிதாகக் குடித்தனம் வந்த பெண். பக்கத்தில் அம்மா இல்லை. மாமியாரும் இல்லை. சமையல் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வைக்கிறாள்.

"பருப்பை வேகவைக்கவும். புளியைக் கரைத்து ஊற்றவும். சாம்பார்ப் பொடி போடவும்" என்று எழுதியிருக்கிறது.

வீட்டில் பொடி இல்லை. பொடி செய்வது எப்படி? அந்தப் பக்கத்தில் அது இல்லை! புளித் தண்ணீர் கொதிக்கிறது. அவள் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறாள்.

"பொடிக்கு இந்த எண்ணைப் பார்" என்று ஒரு வரி இருந்தால் போதும். சாம்பார் தப்பித்திருக்கும்!

அப்படிப்பட்ட வரிகளோடு 1861-ம் ஆண்டிலேயே ஒரு பெரிய சமையல் புத்தகம் வந்தது. அதை எழுதியவர் இசபெல்லா பீட்டன். அப்போது அவருக்கு வயது 25.

வீடு நிறையக் குழந்தைகள்

இசபெல்லா 1836-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனார் இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்டார். புதிய கணவருக்கும் முதல் மனைவியின் குழந்தைகள் இருந்தார்கள். பிறகு பிறந்தவர்களையும் சேர்த்து, அந்த வீட்டில் மொத்தம் 21 குழந்தைகள்! பெண்களில் மூத்தவர் இசபெல்லா. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

1856-ல் சாமுவேல் பீட்டன் என்பவரை மணந்தார். கணவர் புத்தகம் வெளியிடுகிறவர். பெண்களுக்காக ஒரு மாதப் பத்திரிகையும் நடத்தினார். அதில் இசபெல்லா எழுதத் தொடங்கினார்.

1859 முதல் 1861 வரை மாதம் ஒரு பகுதியாக வந்த எழுத்து, பிறகு ஒரே புத்தகம் ஆயிற்று. பெயர், "வீட்டு நிர்வாகப் புத்தகம்". பக்கங்கள் 1,100-க்கு மேல். முதல் ஆண்டிலேயே 60 ஆயிரம் பிரதிகள் விற்றன.

அவர் சமையல் புலியா?

இல்லை! பெரும்பாலான குறிப்புகள் அவர் கண்டுபிடித்தவை அல்ல. பழைய புத்தகங்களில் இருந்து எடுத்தவை பல. பத்திரிகை வாசகிகள் எழுதி அனுப்பியவை சில. சாமான்களின் அளவையும் வேகும் நேரத்தையும் தெளிவாகச் சொல்லும் முறையும் புதிது அல்ல. எலிசா ஆக்டன் என்ற பெண்மணி 1845-லேயே அதைச் செய்துவிட்டார்.

பிறகு இசபெல்லாவின் பெருமை எதில் இருக்கிறது? ஒழுங்கில் இருக்கிறது.

முதலில் சாமான்கள். பிறகு செய்முறை. பிறகு எவ்வளவு நேரம், என்ன செலவு, எத்தனை பேருக்குப் போதும், எந்தப் பருவத்துக்கு ஏற்றது என்ற விவரம். இப்படி வரிசையாக எழுதினார்.

அதோடு, ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் எண் கொடுத்தார். புத்தகம் முழுவதிலும் 2,700-க்கும் மேற்பட்ட எண்கள்! அகர வரிசைப் பட்டியலைப் பார்த்தால் எண் தெரியும். எண் தெரிந்தால் குறிப்பு கிடைக்கும்.

ஒரு சாறு, பல சூப்பு

105-ம் எண்ணில் இருப்பது ஒரு சாறு. இறைச்சி, எலும்பு, காரட், வெங்காயம் முதலியவற்றைப் போட்டு, மணிக்கணக்கில் வேகவைத்து இறக்குவது. பலவகை சூப்புகளுக்கு அதுதான் அடிப்படை.

ஒவ்வொரு சூப்பிலும் அந்தச் சாற்றின் செய்முறையைத் திரும்ப எழுதினால் புத்தகம் மூட்டை ஆகிவிடும். எழுதாமல் விட்டால், படிப்பவள் திண்டாடுவாள். ஆகவே, "105-ம் எண் சாறு" என்று மட்டும் போட்டார். படிப்பவள் அந்த இடத்துக்குப் போவாள். பார்ப்பாள். திரும்பி வருவாள்.

அதில் இன்னொரு லாபமும் உண்டு. சாற்றைக் கற்றுக்கொண்டவள், சூப்பு ஒன்றை மட்டும் கற்கவில்லை. அதில் இருந்து பிறக்கும் பத்து சூப்புகளுக்கும் வழி தெரிந்துகொண்டாள்!

நம் ஊர் மிளகுத் தண்ணீர்

அந்தப் புத்தகத்தில் நம் ஊர்ச் சரக்கும் இருக்கிறது. 174-ம் எண் "முல்லகட்டானி" சூப்பு. அது என்ன? நம் மிளகுத் தண்ணீர்தான்! இங்கே இருந்த வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். அங்கே போனதும் அது அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. கோழி அல்லது முயல், பன்றி இறைச்சி, 6 வெங்காயம், பாதாம் பருப்பு எல்லாம் அதில் சேர்ந்துகொண்டன.

அதற்குக் குழம்புப் பொடியும் வேண்டும். அதைச் செய்வது எப்படி? 449-ம் எண்ணில் இருக்கிறது. கொத்தமல்லி கால் ராத்தல் (சுமார் 113 கிராம்), மஞ்சள் கால் ராத்தல், வெந்தயம் 2 அவுன்ஸ், இன்னும் இஞ்சி, கடுகு முதலியவை. "நல்ல கடையில் வாங்கினால் இதைவிட நன்றாக இருக்கும்" என்றும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

சோகம்

இத்தனை வீடுகளுக்கு வழி காட்டிய இசபெல்லாவின் வீட்டில் துயரம் குடியிருந்தது. முதல் குழந்தை சில மாதங்களிலேயே இறந்தது. இரண்டாவது மகன் 1862-ம் ஆண்டின் கடைசி நாளில் இறந்தான். 1865-ல் நான்காவது குழந்தை பிறந்தது. சில நாட்களில் பிரசவக் காய்ச்சல் கண்டு இசபெல்லாவும் இறந்தார். அப்போது அவருக்கு வயது 28தான்.

மறு ஆண்டு கணவர் கடனில் மூழ்கினார். புத்தக உரிமையை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் அதே பெயரில் புதுப் புதுப் பதிப்புகள் போட்டார்கள். அனுபவம் முதிர்ந்த பாட்டி ஒருவர் எழுதியது என்றே பலரும் நினைத்தார்கள். எழுதியவர் 30 வயதைக்கூடக் காணவில்லை!

உங்கள் வீட்டு நோட்டில்

இசபெல்லாவின் முறையை எந்த வீட்டிலும் செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

முதலில் அடிப்படைகளை எழுதுங்கள். சாம்பார்ப் பொடி எண் 1. ரசப் பொடி எண் 2. இட்லி மாவு எண் 3. பிறகு பலகாரங்கள். ஊத்தப்பம் எழுதும்போது "மாவுக்கு எண் 3" என்று போடுங்கள். குழிப்பணியாரத்துக்கும் அப்படியே. இட்லி மாவுக் குறிப்பின் கீழே, "மாவு மிஞ்சினால் ஊத்தப்பம், பணியாரம்" என்று அவற்றின் எண்களையும் குறித்து வையுங்கள்.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும்போது, பாத்திரம் பண்டத்தோடு அந்த நோட்டையும் கொடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் அம்மா இல்லாத நேரத்தில், "அங்கே பார்" என்று அது சொல்லும்.