பிள்ளைகளை ஏலம் விட்ட வழக்கத்தைத் திரையில் காட்டிய சுவீடன் இயக்குநர்

சுவீடன் நாட்டுச் சினிமா என்றால் படம் பார்ப்பவர்கள் உடனே சொல்லும் பெயர் இங்மார் பெர்க்மன். அந்தப் பெர்க்மனே குருவாக மதித்த இயக்குநர் ஒருவர் இருந்தார். அவர் விக்டர் ஷோஸ்ட்ரோம். 1913-ஆம் ஆண்டில், சினிமா இன்னும் பேசத் தொடங்காத காலத்தில், அவர் எடுத்த ஒரு படம் சுவீடன் பத்திரிகைகளில் பெரும் வாக்குவாதத்தைக் கிளப்பியது.

படத்தின் பெயர் ‘இங்கபோர்க் ஹோல்ம்’. அதைப் புரிந்துகொள்ள, அன்றைய சுவீடனில் இருந்த ஒரு வழக்கத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று மக்கள் நலத் திட்டங்களுக்குப் பேர்போன சுவீடன், நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஏழை நாடு. பிழைக்க வழியில்லாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்தந்த ஊர் நிர்வாகத்தைச் சேர்ந்தது. ஊர்ப் பணம் குறைவாகச் செலவாக வேண்டும் என்பதற்காக, ஆதரவில்லாத பிள்ளைகளை ஏலம் விட்டார்கள். சாதாரண ஏலத்தில் அதிக விலை கேட்பவருக்குப் பொருள் போகும். இந்த ஏலம் தலைகீழ். ‘இவ்வளவு குறைந்த தொகை கொடுத்தால் போதும், நான் வளர்க்கிறேன்’ என்பவர் கையில் பிள்ளை போகும். அப்படிப் போன பிள்ளைக்கு என்ன சாப்பாடு கிடைத்திருக்கும், எவ்வளவு வேலை வாங்கியிருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

படத்தில் இங்கபோர்க் நல்ல நிலையில் வாழ்ந்தவள். கணவன் சொந்தமாகக் கடை வைக்கிறான். அவன் நோயில் இறந்ததும் கடை கடனில் மூழ்குகிறது. அவளும் நோயாளி ஆகிறாள். ஏழைகள் விடுதியில் சேர்வதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே பிள்ளைகளோடு இருக்க முடியாது. மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு வீட்டுக்குக் கொடுக்கப்படுகிறார்கள்.

மகளுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்படுகிறாள் தாய். போய்ப் பார்க்க விடுதி பணம் தர மறுக்கிறது. இரவோடு இரவாகத் தப்பி நடக்கிறாள். போலீஸ் பிடித்துத் திரும்பக் கொண்டுவருகிறது. பிறகு ஒரு நாள் கடைசிக் குழந்தையை வளர்ப்புத் தாய் அழைத்து வருகிறாள். குழந்தைக்குப் பெற்ற தாயை அடையாளம் தெரியவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை உருவி, பொம்மை செய்து காட்டுகிறாள் இங்கபோர்க். குழந்தை மிரண்டு அழுகிறது. அத்தோடு அவளுக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. அதன் பிறகு ஒரு மரக்கட்டையைக் குழந்தை என்று நினைத்துத் தாலாட்டுகிறாள்.

இன்று இந்தக் கதையை எடுத்தால் பின்னணி இசை, கண்ணீர் வடியும் முகம், திரும்பத் திரும்ப அதே காட்சி என்று பிழிந்துவிடுவார்கள். ஷோஸ்ட்ரோம் அப்படிச் செய்யவில்லை. கேமராவைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஹில்டா போர்க்ஸ்ட்ரோம் என்ற நடிகை அந்த இடைவெளியில் வாழ்ந்து காட்டினார். அலுவலகக் காட்சிகளில் அதிகாரிகள் கூடக் கொடியவர்களாக இல்லை. விதிமுறையைப் பின்பற்றுகிறார்கள், அவ்வளவுதான். பார்ப்பவரை உறுத்துவது அதுதான்.

மூலக்கதை நில்ஸ் க்ரூக் என்பவரின் நாடகம். ஏழைகளுக்கு உதவி வழங்கும் துறையிலேயே பணியாற்றியவர் அவர்; தாம் கண்ட ஓர் உண்மைச் சம்பவத்தை வைத்துத்தான் எழுதினார். படம் வந்ததும், இது மிகைப்படுத்தல் என்று ஒரு தரப்பும், இதுதான் நடக்கிறது என்று இன்னொரு தரப்பும் மோதிக்கொண்டன. சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்ததுதான். ஒரு படம் மட்டுமே சட்டத்தை மாற்றியது என்றால் அது மிகை. ஆனாலும் 1918-இல் புதிய ஏழைகள் நலச் சட்டம் வந்து ஏலம் தடை செய்யப்பட்டபோது, அதற்கு மக்கள் மனத்தைத் தயார் செய்ததில் இந்தப் படத்துக்கும் பங்கு உண்டு என்று பலரும் எழுதியிருக்கிறார்கள்.

ஷோஸ்ட்ரோம் 1879-இல் வார்ம்லாண்ட் மாநிலத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. ஏழு வயதில் தாயை இழந்தார். பின்னர் சுவீடனுக்குத் திரும்பி, பதின்ம வயதிலேயே மேடை நடிகரானார். சினிமாவுக்கு வந்தது 1912-இல். அவருடைய தொடக்கக் காலப் படமான ‘தோட்டக்காரர்’ சுவீடன் தணிக்கையில் சிக்கி அங்கே திரைக்கே வரவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து அமெரிக்காவில் அதன் பிரதி கிடைத்தது.

அவர் பெயரை உலகறியச் செய்தது 1921-ஆம் ஆண்டுப் புத்தாண்டு தினத்தில் வெளியான ‘மாய வண்டி’. நோபல் பரிசு பெற்ற முதல் பெண் எழுத்தாளரான செல்மா லாகர்லோஃபின் கதை. ஆண்டின் கடைசி இரவில் கடைசியாகச் சாகிறவன், அடுத்த ஓராண்டுக்குச் சாவின் குதிரை வண்டியை ஓட்ட வேண்டும். அந்த வண்டி வந்து நிற்பது ஒரு குடிகாரன் முன்னால். அவன் கிழிந்த கோட்டை ஒரு பெண் இரவெல்லாம் விழித்துத் தைத்துக் கொடுக்கிறாள். காலையில் அவள் கண் முன்னாலேயே அதைக் கிழித்தெறிகிறான். பூட்டிய கதவைக் கோடரியால் பிளந்துகொண்டு மனைவி, பிள்ளைகளிடம் பாய்கிறான். அந்தக் குடிகாரனாக நடித்தவரும் ஷோஸ்ட்ரோமே.

கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் காலத்தில் ஆவியை எப்படிக் காட்டினார்கள்? எடுத்த ஃபிலிமையே பின்னோக்கிச் சுற்றி, அதன் மேல் மறுபடியும் படம் பிடித்தார்கள். கேமராவைக் கையால் சுற்ற வேண்டிய காலம். ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் சுற்றாவிட்டால் அத்தனையும் பாழ். ஒளிப்பதிவாளர் யூலியஸ் யேன்சோன் அதைச் செய்து காட்டினார். வண்டி கடலலைகளின் மேல் உருண்டு போகும் காட்சி இன்றும் கண்ணை நிறுத்தும்.

இதைப் பார்த்து ஹாலிவுட் அழைத்தது. எம்.ஜி.எம். நிறுவனம் தயாரித்த முதல் படத்தை 1924-இல் இயக்கியவர் இவரே. பெயரைத்தான் அமெரிக்கர்களின் நாக்குக்கு ஏற்ப ‘சீஸ்ட்ரோம்’ என்று மாற்றிவிட்டார்கள். 1928-இல் வந்த ‘காற்று’ அங்கே அவர் எடுத்தவற்றில் மிகச் சிறந்தது. கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் கொளுத்தும் வெயிலில், விமானங்களின் விசிறிகளை ஓடவிட்டு மணற்புயலை உண்டாக்கினார்கள். கதாநாயகி லிலியன் கிஷ்ஷின் முகத்தில் மணல் அறைந்தது. மௌனப் படத்தில் காற்றின் ஓசையைப் பார்ப்பவர் கேட்கும்படி செய்தார் ஷோஸ்ட்ரோம். ஆனால் அதற்குள் பேசும் படங்கள் வந்துவிட்டன. படம் வசூலில் தோற்றது.

1930-இல் ஊர் திரும்பினார். அதன் பிறகு இயக்கியது மிகச் சில படங்களே, பெரும்பாலும் நடிப்புதான். 1943-இல் சுவீடனின் பெரிய ஸ்டூடியோவுக்குக் கலை இயக்குநர் ஆனார். பின்னர் அங்கே முதல் படத்தை எடுத்துத் திணறிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் அவர் பார்வையில் பட்டான். எல்லோரோடும் சண்டை. படமும் சரியாக வரவில்லை. கிழவர் அவனைப் பிடரியில் பிடித்து, ஸ்டூடியோவுக்கு வெளியே மேலும் கீழுமாக நடத்திக்கொண்டே போவாராம். கோபம் அடங்கிய பின்பு, காட்சியைச் சிக்கலாக்காதே, எல்லோரோடும் மல்லுக்கு நிற்காதே என்று எளிமையாகச் சொல்வாராம். அந்த இளைஞன்தான் பெர்க்மன். இதை எழுதி வைத்ததும் அவரே.

1957-இல் பெர்க்மன் அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்தார். ‘காட்டு ஸ்ட்ராபெர்ரிகள்’ படத்தில், கௌரவப் பட்டம் வாங்கக் காரில் நெடுந்தூரம் போகும் முதிய பேராசிரியர் வேடம் ஷோஸ்ட்ரோமுக்கு. எழுபத்தெட்டு வயதை எட்டிக்கொண்டிருந்தார், உடல்நலம் சரியில்லை, வசனம் மறந்துபோகும். மாலையில் குறித்த நேரத்துக்கு வீட்டுக்குப் போய் வழக்கமான விஸ்கியைக் குடிக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. கடைசிக் காட்சிக்கு மாலை வெயில் தேவைப்பட்டதால் ஒரு நாள் நேரம் தவறியது. முணுமுணுத்துக்கொண்டே புல்வெளியில் நடந்து வந்தார். கேமரா ஓடத் தொடங்கியதும் அந்த முகம் கனிந்து ஒளிர்ந்ததைப் பெர்க்மன் பின்னாளில் வியந்து எழுதினார்.

படம் மறு ஆண்டு பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருதை வென்றது. ஷோஸ்ட்ரோம் 1960 ஜனவரி 3-ஆம் தேதி காலமானார். பெர்க்மன் அதன் பிறகும் ஆண்டுதோறும் கோடைக் காலத்தில் ‘மாய வண்டி’யைத் தம் வீட்டில் ஓடவிட்டுப் பார்த்து வந்தார்.