பைக் வந்தாச்சு, ஆர்சி வரலையா? காத்திருக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



புது வண்டி டெலிவரி எடுக்கிற அன்னைக்கு என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஷோரூம்ல பெரிய அட்டைச் சாவி ஒண்ணைக் கையில கொடுத்து போட்டோ எடுப்பாங்க. நேரா கோயிலுக்குப் போய் மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழத்தை வெச்சு நசுக்கிட்டு வீட்டுக்கு வருவோம். "ஆர்சி பத்து நாள்ல வந்துடும் சார், நாங்களே கூப்பிடுறோம்" என்று ஒருத்தர் சொன்னது காதில் விழுந்திருக்கும், மனசில் நின்றிருக்காது.

அந்தப் பத்து நாள் ஒரு மாசமாகும், மூணு மாசமாகும். போன் பண்ணினால் "சர்வர் டவுன்", "ஆர்டிஓ லீவு", "அடுத்த வாரம் கண்டிப்பா". நாமும் "சரி, வண்டி ஓடுதில்ல" என்று விட்டுவிடுவோம். இந்த அலட்சியத்துக்கு எவ்வளவு விலை என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன ஒரு வழக்கு காட்டுது. விலை ரூ.6,17,800.

ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவர் 2011-ல் பஞ்சாபில் புது பொலேரோ வாங்கினார். யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸில் ரூ.6,17,800-க்கு காப்பீடும் எடுத்தார். வண்டிக்குத் தற்காலிகப் பதிவு மட்டும்தான் இருந்தது. அது 2011 ஜூலை 19-ஆம் தேதியோடு முடிந்தது, நிரந்தரப் பதிவு ஆகவில்லை. ஜூலை 28 இரவு ஜோத்பூரில் தங்கியிருந்த இடத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தினார். காலையில் பார்த்தால் காணோம். பதிவு முடிந்து ஒன்பதே நாள்தான்.

காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. மாநில நுகர்வோர் ஆணையமும் தேசிய ஆணையமும் அவர் பக்கம்தான் நின்றன. ஆனால் 2021 செப்டம்பர் 30-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவந்ததே பாலிசியின் அடிப்படை நிபந்தனையை மீறியது, அதனால் பணம் கிடையாது என்று தீர்ப்பு. திருட்டுக்கும் ஆர்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனால் 2014-லேயே, தற்காலிகப் பதிவு முடிந்த ஒரு வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில் இதே நிலைப்பாட்டைத்தான் உச்ச நீதிமன்றம் எடுத்திருந்தது. ஆக, பிரீமியம் முழுசா கட்டியிருந்தாலும், பதிவு இல்லாத வண்டிக்கு உங்கள் பாலிசி கைகொடுக்கும் என்று நம்ப முடியாது.

இப்போ இதை நம்ம ஊருக்குக் கொண்டுவருவோம். நீங்கள் விராலிமலையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறீங்க, வீடு இலுப்பூர் பக்கம் என்று வெச்சுக்குவோம். பைக் எடுத்தது திருச்சியில். ஆன்ரோடு விலை ரூ.1,25,000. கையிலிருந்து ரூ.25,000 போட்டு, மீதி ஒரு லட்சத்துக்கு 10 சதவீத ஃப்ளாட் வட்டியில் மூணு வருஷக் கடன். மாதத் தவணை சுமார் ரூ.3,611. ஆறு மாசம் ஆர்சி இல்லாமல் ஓட்டினால், அந்த ஆறு மாசத்தில் ரூ.21,666 கட்டியிருப்பீங்க. எதுக்கு? சட்டப்படி ரோட்டில் இறக்கவே கூடாத ஒரு வண்டிக்கு. அதற்குள் பைக் திருடு போனால் பைக்கும் இல்லை, காப்பீடும் இல்லை. தவணை மட்டும் மிச்சம்.

ஆனால் பதறுவதற்கு முன்னாடி ஒண்ணு பார்க்கணும். "ஆர்சி வரல" என்பதில் இரண்டு வகை இருக்கு. இரண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் நிறைய பேர் தப்பான ஆளிடம் சண்டை போடுறாங்க.

முதல் வகை: பதிவு ஆகிவிட்டது, நம்பர் விழுந்துவிட்டது, கார்டு மட்டும் கைக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் 2024-லிருந்து ஆர்சியும் லைசென்ஸும் தபாலில்தான் வீட்டுக்கு வருது. ஷோரூமில் அவசரத்தில் முகவரியையோ செல் நம்பரையோ தப்பாகப் போட்டிருந்தால் தபால் திரும்பிப் போய்விடும். இது தொல்லைதான், ஆனால் ஆபத்து இல்லை. டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ ஆர்சியை இறக்கி வெச்சுக்கோங்க. 2018-லிருந்தே அது அசலுக்குச் சமமாகச் செல்லும், போலீஸ் நிறுத்தினால் போனைக் காட்டலாம்.

இரண்டாவது வகை: பதிவே ஆகவில்லை. வரியே கட்டவில்லை, அல்லது விண்ணப்பமே போகவில்லை. இதுதான் ஆபத்து.

எப்படிக் கண்டுபிடிப்பது? பரிவாகன் தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்க. அந்த எண்ணை ஷோரூமில் கேளுங்க. விண்ணப்பம் போட்டிருந்தால் எண் இருந்தே ஆகணும். "எண்ணெல்லாம் தர மாட்டோம் சார், எங்க ஆள் பார்த்துக்குவார்" என்று சொன்னால், அனேகமாக உங்களுடையது இரண்டாவது வகை.

அடுத்து, இது யார் பொறுப்பு? 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினபோது 41-ஆவது பிரிவில் இதைத் தெளிவாகப் போட்டுவிட்டார்கள். புது வண்டி, டீலர் இருக்கிற அதே மாநிலத்தில் பதிவாகிறது என்றால் விண்ணப்பிக்க வேண்டியது டீலர். நீங்க இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 42-ஆவது விதி இன்னும் நேராகச் சொல்லுது: தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பதிவு செய்யாமல் வண்டியை வாங்குபவரிடம் ஒப்படைக்கவே கூடாது. டீலர் விண்ணப்பிக்கத் தவறினால் 192பி பிரிவின் கீழ் அபராதம், அந்த வண்டியின் ஆண்டு வரியைப் போல 15 மடங்கு அல்லது ஆயுள் வரி, இதில் எது அதிகமோ அது வரைக்கும் போகலாம்.

ஆனால் ரோட்டில் பிடிபடுவது நீங்கதான். பதிவில்லாத வண்டி ஓட்டினால் 192-ஆவது பிரிவில் முதல் தடவைக்கே ரூ.2,000-லிருந்து ரூ.5,000 வரை அபராதம் உண்டு. "டீலர் தரல சார்" என்பது கீழ ராஜ வீதியில் வண்டியை மறிக்கிற போலீஸ்காரரிடம் எடுபடாது.

பணக் கணக்கையும் ஒரு தடவை பாருங்க. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து பைக்குக்கு ஆயுள் வரி, வண்டி விலை ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். ரூ.95,000 வண்டிக்கு வரி மட்டும் ரூ.9,500. அந்தப் பணத்தை நீங்க டீலரிடம் கொடுத்தது அரசுக்குக் கட்டத்தான். அவர் கட்டாமல் வெச்சிருந்தால், உங்கள் பணத்தை வட்டியில்லாக் கடனாகச் சுழற்றுகிறார் என்றுதான் அர்த்தம். பேச்சுவார்த்தையில் கூச்சப்பட வேண்டிய ஆள் நீங்க இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் போன் பேச்சை நிறுத்துங்க. போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ மட்டும் கேளுங்க: "இந்தத் தேதியில் டெலிவரி எடுத்தேன், சேசிஸ் எண் இது, வரியும் பதிவுக் கட்டணமும் சேர்த்து இவ்வளவு கட்டியிருக்கேன், பதிவு விண்ணப்ப எண்ணைத் தெரிவிக்கவும்." அவ்வளவுதான். கோபம் வேண்டாம், திட்டு வேண்டாம். இந்த மெசேஜை நாளைக்கு ஒரு ஆணையத் தலைவர் படிக்கப் போறார் என்று நினைச்சு டைப் பண்ணுங்க.

பதில் வரலைன்னா எழுத்தில் ஒரு நோட்டீஸ். வக்கீல் நோட்டீஸ்தான் வேணும் என்று சட்டம் சொல்லவில்லை, நீங்களே ஒரு வெள்ளைத்தாளில் எழுதலாம். 15 நாள் கெடு கொடுங்க. 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துட்டாங்க, அதனால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, கையெழுத்தான டெலிவரிச் சான்றை வாங்கி வெச்சுக்கோங்க. ஒரு நகல் வண்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு, இன்னொன்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு. பல டீலர்கள் இந்த இடத்திலேயே இறங்கி வந்துடுவாங்க, ஏன்னா அவங்களுக்குக் கம்பெனியிலும் ஆர்டிஓவிலும் பேர் கெடக்கூடாது. இதோடு சேர்த்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிவு பண்ணுங்க. அவங்க உத்தரவு போட முடியாது, ஆனால் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பாங்க.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். "கேஸா? யாரு அலையறது, யாரு வக்கீலுக்குக் கொடுக்கிறது?" என்று இங்கேதான் எல்லாரும் பின்வாங்குறாங்க. மூணு விஷயம் தெரிஞ்சா அந்தப் பயம் பாதி குறையும்.

ஒண்ணு, கட்டணம். பொருளுக்கு நீங்க கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் எதுவும் இல்லை. பைக், ஸ்கூட்டர் எல்லாம் பெரும்பாலும் இதுக்குள்ளேயே வந்துடும். கார் என்றாலும் 5-லிருந்து 10 லட்சம் வரை ரூ.200, 10-லிருந்து 20 லட்சம் வரை ரூ.400 மட்டும்தான். ரூ.50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும்.

இரண்டாவது, இடம். 2019 சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடிச்ச மாற்றம் இது. வண்டி வாங்கின ஊரில்தான் வழக்குப் போடணும் என்று இல்லை. நீங்க குடியிருக்கிற இடத்திலும் போடலாம், வேலை பார்க்கிற இடத்திலும் போடலாம். திருச்சியில் வாங்கின வண்டிக்குப் புதுக்கோட்டை ஆணையத்தில் போடலாம். அறந்தாங்கியில் வாங்கிட்டு இப்போ சென்னையில் வேலை என்றால் சென்னையிலேயே போடலாம். அலைவது டீலர் பாடு. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் புகார் தாக்கல் செய்யலாம், காணொலி வழியே விசாரணை கேட்கவும் சட்டம் இடம் கொடுக்குது. வக்கீல் கட்டாயம் இல்லை.

மூணாவது, காலக்கெடு. பிரச்சனை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டாகணும். ஆர்சி தராதது தினம் தினம் தொடரும் குறைபாடு என்று வாதாடலாம்தான், ஆனால் அந்த வாதத்தை நம்பி மூணாவது வருஷம் போகாதீங்க.

யார் மேல் போடுவது? டீலர்தான் முதல் எதிர்தரப்பினர். கம்பெனியையும் சேர்க்கலாம், ஆனால் அவங்க தப்பு என்ன என்று தனியாகச் சொல்லணும். கோவாவில் 2011 மாடல் என்று பணம் கொடுத்தவருக்கு, ஏற்கெனவே ஓடின 2009 மாடல் காரைக் கொடுத்த வழக்கில், டீலர் செய்ததற்கு டாடா மோட்டார்ஸ் பொறுப்பாகாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கம்பெனிக்கு அது தெரியும் என்று புகாரில் குற்றச்சாட்டே இல்லை என்பது முக்கியக் காரணம். மேலே சொன்ன நோட்டீஸின் நகலைக் கம்பெனிக்கும் அனுப்பச் சொன்னது இதுக்காகவும்தான். தெரிஞ்சும் சும்மா இருந்தாங்க என்று காட்ட ஒரு தாள் கையில் இருக்கும்.

ஆர்டிஓ அலுவலகத்தை எதிர்தரப்பில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரசு தன் சட்டக் கடமையைச் செய்வது 'சேவை' ஆகாது என்ற வாதம் வந்து, வழக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அங்கே தாமதம் என்றால் முதல்வர் உதவி மையத்தின் 1100, இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு.

புகாரோடு வைக்க வேண்டியவை: இன்வாய்ஸ், பணம் கட்டின ரசீதுகள், படிவம் 21 என்கிற விற்பனைச் சான்று, காப்பீட்டு பாலிசி, கடன் ஒப்பந்தம், வாட்ஸ்அப் பிரின்ட். வண்டியை நிறுத்திட்டு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வேலைக்குப் போனீங்கன்னா அந்தச் செலவுக் கணக்கும். உண்மையில் வண்டியை நிறுத்தி வைப்பதுதான் பாதுகாப்பு, வழக்குக்கும் அதுதான் பலம்.

கேட்கும்போது நிதானமா கேளுங்க. ஒரு லட்ச ரூபாய் பைக்குக்குப் பத்து லட்சம் மன உளைச்சல் என்று எழுதினால் புகாரின் மேல் இருக்கிற மரியாதை போயிடும். பதிவு செய்து ஆர்சி ஒப்படைக்கணும், முடியாவிட்டால் வண்டியை எடுத்துக்கிட்டு வட்டியோடு பணத்தைத் திருப்பணும், கணக்குக் காட்டக்கூடிய நஷ்டம், நியாயமான ஒரு இழப்பீடு, வழக்குச் செலவு. இவ்வளவு போதும்.

எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போன நாளிலிருந்து மூணு மாசத்தில் முடிக்க முயலணும் என்று சட்டம் சொல்லுது. நடைமுறையில் அதைவிட நீளும் என்று எதிர்பார்த்துக்கோங்க. ஆனால் உத்தரவு வந்த பிறகும் டீலர் கண்டுக்காமல் இருந்தால் 72-ஆவது பிரிவு இருக்கு: ஒரு மாசத்திலிருந்து மூணு வருஷம் வரை சிறை, அல்லது ரூ.25,000-லிருந்து ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கடைசியா, கடன் முடிச்சவங்களுக்கு ஒரு விஷயம். ஆர்சி புக்கை பைனான்ஸ்காரரே வெச்சிருந்து, கடன் கட்டி முடிச்ச பிறகும் இழுத்தடிப்பது நம்ம பக்கம் சகஜம். ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் போட்ட உத்தரவுப்படி, தனிநபர் கடனை முழுசா அடைச்ச 30 நாளுக்குள் வங்கியும் என்பிஎஃப்சியும் அசல் ஆவணங்களைத் திருப்பித் தரணும், அடமானப் பதிவையும் நீக்கணும். அவங்க தப்பால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 உங்களுக்குத் தரணும். சொந்த உபயோகத்துக்கு எடுத்த வாகனக் கடனும் இதுக்குள் வரும். 2023 டிசம்பர் 1-லிருந்து இது அமலில் இருக்கு. அடுத்த தடவை "மேனேஜர் லீவு, திங்கட்கிழமை வாங்க" என்று சொன்னால், கடன் முடிச்ச தேதியைக் குறிப்பிட்டு, இந்த உத்தரவையும் ஒரு வரி சேர்த்து மெயில் போடுங்க.