அச்சமே மோசடிக்காரரின் ஆயுதம்

மேற்கல்வி நாடிச் சிங்கப்பூர் செல்லும் நம் பிள்ளைகள், கைத்தொலைபேசிக்குச் சிம் அட்டை வாங்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் முதலில் நாடும் இடம் சிராங்கூன் சாலையாகும். அந்நாட்டின் நடைமுறைகளை இன்னும் அறியாத இப்புதியவர்களையே தொலைபேசி மோசடிக்காரர்கள் குறிவைக்கின்றனர்.

அதற்குக் காரணம் உண்டு. அயல்நாட்டு மாணவர் அங்குத் தங்குவது மாணவர் அனுமதியைப் பொறுத்தது. அதனை இழந்தால் படிப்பும் போகும். பெற்றோர் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணமும் போகும். இந்த அச்சமே மோசடிக்காரரின் ஆயுதம்.

2014ஆம் ஆண்டை ஒட்டிச் சிலர் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் அதிகாரிகள்போல் வெளிநாட்டவரிடம் பேசினர். "உமது ஆவணத்தில் பிழையுள்ளது; பணம் செலுத்தாவிடில் நாடு கடத்தப்படுவீர்" என மிரட்டினர். திரையில் தோன்றியதோ ஆணையத்தின் உண்மையான எண்! இணையவழி அழைப்பில் தாம் விரும்பும் எண்ணைக் காட்ட முடியும் என்பதே அதன் சூட்சுமம்.

இதனைத் தடுக்க, 2020 ஏப்ரல் முதல் வெளிநாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் அழைப்புகளின் எண்ணுக்கு முன் கூட்டல் குறி (+) காட்டப்படுகிறது. ஆகவே, +65 எனத் தொடங்கும் எண்ணிலிருந்து "உள்ளூர் அலுவலகம்" பேசினால் ஐயுறுதல் வேண்டும். எனினும், குறி இல்லாமையே நம்பகத்துக்குச் சான்றாகாது.

அண்மை ஆண்டுகளில் சீன நாட்டு மாணவர்கள் சிலர், காவல் அதிகாரிகள்போல் பேசியோரின் கட்டளைக்கு அஞ்சித் தனித்து ஒளிந்திருந்தனர். அவர்களின் படங்களைப் பெற்றோருக்கு அனுப்பி, "உங்கள் பிள்ளை கடத்தப்பட்டுள்ளார்" எனக் கூறிப் பணம் கேட்டனர் கயவர்கள். இத்தகைய செய்தி வந்தால், பெற்றோர் பணம் அனுப்பாமல், பிள்ளையையும் அவர்தம் நண்பரையும் கல்லூரியையும் தொடர்புகொண்டு காவல்துறைக்கும் அறிவித்தல் வேண்டும்.

பணத்தைப் போலவே அடையாளமும் களவு போகும். கடப்பிதழின் படம், சிங்பாஸ் மறைச்சொல், வங்கி அனுப்பும் ஒருமுறை மறைச்சொல் ஆகியவற்றை எவருக்கும் தரலாகாது. சிறு தொகைக்கு ஆசைப்பட்டு வங்கிக் கணக்கையோ சிங்பாஸையோ பிறர் கையில் ஒப்படைப்போர், ஏமாற்றப்பட்டவராக அன்றிக் குற்றவாளியாகவே நீதிமன்றத்தில் நிற்க நேரிடும்.

நினைவிற்கொள்ள வேண்டியவை இவை:

1. சிங்கப்பூர் அரசு அதிகாரி எவரும் தொலைபேசியில் பணம் அனுப்பச் சொல்லமாட்டார். வங்கி விவரமும் கேட்கமாட்டார்.

2. அழைப்பைத் துண்டித்து, அலுவலகத்தின் எண்ணைத் தாமே தேடி அழைத்தல் வேண்டும்.

3. ஐயமிருப்பின், 2024 முதல் இயங்கும் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணைச் சிங்கப்பூரிலிருந்து எந்நேரமும் அழைக்கலாம்.

"எவரிடமும் சொல்லாதே" என்பது மோசடிக்காரர் இடும் முதற் கட்டளை. எது நேர்ந்தாலும் தயங்காது வீட்டுக்குச் சொல்லுமாறு பிள்ளைகளைப் பயணத்துக்கு முன்பே பழக்குவோமாக. கடிந்துகொள்ளாது செவிமடுக்கும் பெற்றோர் உள்ள பிள்ளையை அச்சுறுத்துவது எளிதன்று.