வாங்குவோர் உள்ளம்

ஊர்ச் சந்தையில் மண்பாண்டம் விற்கும் குயவர் ஒருவரைக் கருதுவோம். அவரிடம் பானை வாங்குவோர் பெரும்பாலும் அவர் அறிந்த மக்களே. எவர் வீட்டில் உண்போர் எத்தனை பேர், எவர்க்கு அகன்ற பானை வேண்டும், எவர்க்கு ஆழ்ந்த பானை வேண்டும் என்பன அவர்க்கு நன்கு தெரியும். சென்ற முறை விற்ற பானையில் குறை இருப்பின், வாங்கியவரே அடுத்த சந்தையில் வந்து சொல்லிவிடுவார். குயவரும் அடுத்த சூளையில் அதனைத் திருத்திக்கொள்வார். விற்பவரும் வாங்குபவரும் முகம் நோக்கிப் பேசிய காலத்தில், வாங்குவோர் உள்ளத்தை அறிவதற்குத் தனியொரு கலை தேவைப்படவில்லை.

பொறிகளும் ஆலைகளும் பெருகிய பின்னர் இந்நிலை மாறிற்று. ஓர் ஊரில் செய்யப்பட்ட சோப்பு, ரயிலிலும் கப்பலிலும் ஏறி ஆயிரம் ஊர்களுக்குச் சென்றது. செய்தவர் வாங்கியவரைக் கண்டதில்லை. வாங்கியவர் செய்தவரைக் கண்டதில்லை. இடையில் மொத்த வணிகரும் சில்லறை வணிகரும் நின்றனர். ஒரு பண்டம் ஏன் விற்றது, மற்றொரு பண்டம் ஏன் தேங்கியது என்பது ஆலை நடத்துவோர்க்கு விளங்கவில்லை. மக்கள் விரும்பாத பண்டத்தை மலைபோற் செய்து குவித்தால் முதல் மட்டுமா அழியும்? உழைப்பும் மூலப்பொருளும் வீணாகும். ஆலை மூடப்பட்டால் தொழிலாளர் குடும்பங்களும் துன்புறும். ஆகவே, பிரிந்து நின்ற இருவரையும் இணைக்கும் பாலமாகச் சந்தை ஆராய்ச்சி என்னும் துறை தோன்றியது.

இத்துறையினர் கையாளும் வழிகளை மூன்றாக வகுக்கலாம். அவை கேட்டறிதல், கண்டறிதல், செய்தறிதல் என்பன. வினாக்களைத் தொகுத்து மக்களிடம் விடை பெறுவது கேட்டறிதல். மக்கள் வாங்குவதையும் பயன்படுத்துவதையும் உற்று நோக்குவது கண்டறிதல். புதிய பண்டத்தை முதலில் ஒரு நகரத்தில் மட்டும் விற்றுப் பார்ப்பதும், ஒரே பண்டத்தை ஓரூரில் ஒரு விலைக்கும் மற்றோர் ஊரில் வேறொரு விலைக்கும் விற்று ஒப்பிடுவதும் செய்தறிதல். இவை எளியனவாகத் தோன்றலாம். ஆயினும், மக்கள் சொல்வது ஒன்றாகவும், செய்வது மற்றொன்றாகவும், செய்வதற்குரிய காரணம் வேறொன்றாகவும் இருத்தல் உண்டு. இம்மூன்றையும் பிரித்தறிவதே இக்கலையின் அருமையாகும்.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் சார்லஸ் கூலிட்ஜ் பார்லின். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பள்ளி ஆசிரியராக விளங்கிய அவரை, 1911-ஆம் ஆண்டில் கர்ட்டிஸ் பதிப்பகத்தார் வணிக ஆராய்ச்சிக்கென அமர்த்திக்கொண்டனர். அப்பதிப்பகத்தாரின் வார இதழில் விளம்பரம் செய்யக் காம்பெல் என்னும் சூப் நிறுவனத்தார் தயங்கினர் என்பர். தகர டப்பாவில் அடைத்த சூப்பைச் செல்வரே வாங்குவர் என்றும், அவ்விதழைப் படிப்போர் உழைப்பாளர் என்றும் அவர்கள் எண்ணினராம். பார்லின் எவரிடமும் வினாக் கேட்கவில்லை. செல்வர் வாழும் பகுதிகளிலிருந்தும் உழைப்பாளர் வாழும் பகுதிகளிலிருந்தும் குப்பையைத் திரட்டச் செய்து, அதிற் கிடந்த வெற்று டப்பாக்களை எண்ணினார். உழைப்பாளர் பகுதிக் குப்பையிலேயே அவை மிகுந்திருந்தன. செல்வர் வீட்டில் சூப்புக் காய்ச்சுவதற்குச் சமையற்காரர் இருந்தனர். உழைப்பாளர் வீட்டு மகளிர்க்கோ அடுப்படியில் நெடுநேரம் நிற்க ஓய்வில்லை. வணிகரின் ஊகம் பொய்த்தது, குப்பை மெய்யுரைத்தது. கண்டறிதலின் சிறப்பை விளக்க இந்நிகழ்ச்சியை இன்றும் எடுத்துக்காட்டுவர்.

கேட்டறிதலுக்கு வருவோம். நாட்டில் உள்ளார் அனைவரையும் கேட்டறிதல் இயலாது. ஆகவே, சிலரைக் கேட்டுப் பலர் கருத்தை உய்த்துணர்வர். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி இம்முறைக்கு நன்கு பொருந்தும். ஆனால், அடியில் உள்ள சோறு குழைந்தும் மேலே உள்ள சோறு வேகாமலும் இருந்தால், மேலே எடுத்த பருக்கை பானையின் பதத்தைக் காட்டுமோ? நன்கு கிளறிய பின் எடுத்த பருக்கையே உண்மை கூறும்.

1936-ஆம் ஆண்டில் நடந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திற்று. ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் இதழ் ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு வினாத்தாள் அனுப்பியது. 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விடை எழுதினர். அவ்விடைகளைக் கொண்டு லாண்டன் வெல்வார் என இதழ் அறிவித்தது. விளம்பர நிறுவனம் ஒன்றில் ஆராய்ச்சிப் பணி புரிந்த ஜார்ஜ் காலப் என்பவரோ, ஏறத்தாழ 50,000 பேரை மட்டும் கேட்டு, ரூஸ்வெல்ட் வெல்வார் என்றார். அந்நாளில் இருந்த 48 மாநிலங்களுள் 46-இல் ரூஸ்வெல்ட் வென்றார். பெருந்தொகையினரைக் கேட்ட இதழ் தவறியது ஏன்? தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வண்டி வைத்திருந்தோர் ஆகியோரின் பட்டியல்களிலிருந்தே அது பெயர்களைத் திரட்டியது. பொருளாதார வீழ்ச்சி வாட்டிய அக்காலத்தில் ஏழையர் பலர் பெயர் அப்பட்டியல்களில் இல்லை. மேலும், வினாத்தாள் பெற்றவருள் விடை அனுப்பியவர் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினரே. எத்தனை பேரைக் கேட்டோம் என்பதினும் எத்தகையோரைக் கேட்டோம் என்பதே தலையாயது. தேர்தலுக்குக் கூறிய இவ்விதி சோப்புக்கும் செருப்புக்கும் பொருந்தும்.

யாரைக் கேட்பது என்பது தெளிந்த பின், எப்படிக் கேட்பது என்னும் வினா எழுகின்றது. வெந்நீரில் கலந்த அளவிலே பருகத்தக்க உடனடிக் காப்பித்தூள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, இல்லத்தரசியர் பலர் அதனை விரும்பவில்லை. காரணம் கேட்டால், சுவை பிடிக்கவில்லை என்றனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழக உளவியற் பேராசிரியர் மேசன் ஹேர் அவ்விடையோடு அமைதியுறவில்லை. அவர் கடைச் சாமான் பட்டியல்கள் இரண்டை எழுதினார். இறைச்சி, ரொட்டி, காரட், உருளைக்கிழங்கு முதலியன இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. காப்பி மட்டுமே வேறுபட்டது. ஒன்றில் நெஸ்கஃபே உடனடிக் காப்பியும், மற்றொன்றில் வடித்துப் பருகும் மாக்ஸ்வெல் ஹவுஸ் காப்பித்தூளும் குறிக்கப்பட்டிருந்தன. ஒரு பட்டியலை 50 பெண்களிடமும், மற்றொன்றை வேறு 50 பெண்களிடமும் காட்டி, இதனை எழுதிய பெண் எத்தகையவள் என்று வினவினார். உடனடிக் காப்பி இருந்த பட்டியலைக் கண்டவருள் 48 விழுக்காட்டினர் அவளைச் சோம்பேறி என்றனர். மற்றப் பட்டியலைக் கண்டவருள் அவ்வாறு கூறியவர் 4 விழுக்காட்டினரே.

சுவை பிடிக்கவில்லை என்ற விடைக்குப் பின்னே, குடும்பப் பொறுப்பற்றவள் எனப் பிறர் தம்மை இகழ்வரோ என்னும் அச்சம் மறைந்திருந்தது. தம்மைப் பற்றிக் கேட்டபோது வெளிப்படாத உண்மை, பிறளொருத்தியைப் பற்றிக் கேட்டபோது வெளிப்பட்டது. ஹேர் இவ்வாய்வை 1950-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1970-ஆம் ஆண்டில் வேறு அறிஞர் இதனை மீண்டும் செய்து பார்த்தபோது, அவ்வேறுபாடு பெரிதும் மறைந்திருந்தது. காலம் மாற உள்ளமும் மாறும் என்பதும் இதனாற் புலனாகின்றது.

எதைக் கேட்பது என்பதும் நுட்பமாக ஆராயத்தக்கதே. 1886-ஆம் ஆண்டில் தோன்றிய கோக்கா கோலா பானத்தை விற்போர், பெப்சி பானத்தின் போட்டியைக் கண்டு, தம் பானத்தின் சுவையை மாற்ற எண்ணினர். ஏறத்தாழ 2 இலட்சம் சுவைச் சோதனைகள் நடத்தினர். பழைய பானத்தினும் புதியதே இனியது என்பது பெரும்பான்மையோர் தீர்ப்பாயிற்று. 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் புதிய பானம் அறிவிக்கப்பட்டது, பழையது நிறுத்தப்பட்டது. மக்கள் வெகுண்டனர். கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. ஜூலை 11-ஆம் நாள், பழைய பானம் மீண்டும் வரும் என நிறுவனத்தார் அறிவிக்க நேர்ந்தது. நாவைக் கேட்டவர்கள் நெஞ்சைக் கேட்க மறந்தனர். இளமை முதற் பழகிய ஒன்று இனிக் கிடைக்காது என்றால் மக்கள் என் செய்வர் என்பதை அவர்கள் தக்கவாறு ஆராயவில்லை. சோதனையின் விடை பிழையன்று, வினாவே குறையுடையது.

மக்களின் வாழ்க்கையைக் கூர்ந்து கண்டு பயன்பெற்றமைக்கு நம் தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. நாட்கூலி பெறுவோர்க்கு ஒரு மாதத்துக்குரிய ஷாம்புப் புட்டியை ஒருங்கே வாங்குதல் அரிது. ஒரு முறைக்கு வேண்டிய அளவை வாங்குதல் எளிது. எண்ணெயும் காப்பித்தூளும் அன்றாடத் தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக வாங்கப்படுவதை எந்தச் சிற்றூர்க் கடையிலும் காணலாம். இவ்வழக்கத்தை அறிந்து, நீர்மப் பொருள்களைச் சிற்றுறைகளில் அடைத்து விற்கும் முறைக்கு வழிகாட்டியவராகப் போற்றப்படுபவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவர் மைந்தர் சி. கே. ரங்கநாதன் 1983-ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம், ‘சிக்’ ஷாம்புச் சிற்றுறைகளை ஊர்ப்புறமெங்கும் பரப்பியது. செல்வர்க்கே உரியதாயிருந்த பண்டம் உழைப்பாளர் கைக்கு எட்டியது. எனினும், மட்காத வெற்றுறைகள் இன்று வாய்க்காலிலும் வழியோரத்திலும் குவிந்து கிடத்தலைக் காண்கின்றோம். வாங்கும் நேரத்து விருப்பத்தை ஆராய்வது போலவே, வாங்கிய பின் விளைவதையும் ஆராய்தல் வேண்டும் அன்றோ?

இக்காலத்தில் இவ்வாராய்ச்சி மேலும் விரிந்துள்ளது. 1974-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், ஒஹாயோ மாநிலத்து டிராய் நகரக் கடை ஒன்றில், பண்டத்தின்மேல் அச்சிட்ட கோட்டுக் குறியீட்டை ஒளிக்கதிராற் படிக்கும் கருவி முதன்முதலாக ஒரு விற்பனையைப் பதிவு செய்தது. விற்ற பண்டம் ஒரு சூயிங் கம் பொட்டலமே. அன்று தொடங்கிய வழக்கத்தால், எது எப்போது எத்தனை விற்றது என்னும் கணக்கு தானே திரள்கின்றது. இன்றோ நாம் கைப்பேசியில் எதைத் தேடினோம், எதன்மேல் நெடுநேரம் கண் வைத்தோம், எதை எடுத்துப் பின் விடுத்தோம் என்பனவும் பதிவாகின்றன. பார்லின் குப்பையில் தேடியதை இன்றைய கணிப்பொறி நொடியில் தொகுத்துத் தருகின்றது.

இவ்வறிவு இருபுறமும் கூருடைய வாள் போன்றது. மக்களின் குறையை அறிந்து நல்ல பண்டம் செய்யவும் இது பயன்படும். மக்களின் அச்சத்தையும் ஆசையையும் அறிந்து, வேண்டாத பண்டத்தை அவர் தலையிற் கட்டவும் பயன்படும். இதனை உணர்ந்தே நாடுகள் சட்டம் இயற்றலாயின. 1962-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் அமெரிக்கத் தலைவர் கென்னடி, பாதுகாப்புப் பெறுதல், உண்மை அறிதல், விரும்பியதைத் தேர்தல், தம் குரல் கேட்கப்பெறுதல் ஆகிய 4 உரிமைகள் நுகர்வோர்க்கு உண்டு எனத் தம் நாட்டுப் பேரவைக்கு அறிவித்தார். நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக 2019-ஆம் ஆண்டில் புதிய சட்டம் பிறந்தது. மின்வழித் திரட்டப்படும் தனியார் செய்திகளைக் காப்பதற்கென 2023-ஆம் ஆண்டில் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

சட்டம் வேலி போன்றது, விழிப்பே காவல். வணிகர் நம் உள்ளத்தை அறிய இத்துணை முயல்கின்றனர் எனின், நாம் அதனை அறிய எத்துணை முயலல் வேண்டும்! ஒரு பொருளை வாங்கக் கை நீளும்போது, இது எனக்குத் தேவையா, பிறர் மதிக்க வேண்டும் என்பதற்காக விரும்புகின்றேனா, விளம்பரம் விதைத்த ஆசையா என ஒரு கணம் தம்மைத் தாமே வினவிக்கொள்வோர் ஏமாறார். நாளை வணிகராக விளங்கப் போகும் மாணவர், வாங்குவோர் உள்ளத்தை அறிந்து அவர்க்கு உதவக் கற்றல் வேண்டும். வணிகராகாத மாணவரும் வாங்குவோராக வாழ்தல் உறுதி. அவர் தம் உள்ளத்தைத் தாமே அறியக் கற்றல் வேண்டும்.