ஸ்கார்லெட் கட்சியா, மெலனி கட்சியா... மேமி பக்கம் யாரு?

படம் முடிஞ்சு வெளியே வந்து, டீக்கடை வாசல்ல நின்னு சண்டை போட்டிருக்கீங்களா? 'செம படம் மச்சி'னு ஒருத்தன், 'செம மொக்கை'னு இன்னொருத்தன், நடுவுல 'ஹீரோயின் பண்ணது தப்பு'னு மூணாவதா ஒரு பார்ட்டி... அந்தச் சண்டை மிஞ்சிப்போனா அடுத்த வெள்ளிக்கிழமை ரிலீஸ் வரைக்கும் தாங்கும். ஆனா, 1939-ல் வந்த ஒரு படத்துக்கு இன்னிக்கும் சண்டை ஓயலை பாஸ். 'கான் வித் தி விண்ட்'!

கிட்டத்தட்ட நாலு மணி நேரப் படம். பார்க்காதவங்களுக்காக ஸ்பீடா ஒரு கதைச் சுருக்கம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், 1861. டாரா என்ற பருத்தித் தோட்டத்து முதலாளியின் மூத்த பொண்ணு ஸ்கார்லெட் ஓஹாரா. பதினாறு வயசு, அழகு, திமிரு. ஆஷ்லியை உருகி உருகிக் காதலிக்கிறாள். அவனோ அமைதியான மெலனியைக் கட்டிக்கிறான். கடுப்பில் ஸ்கார்லெட், மெலனியோட அண்ணனுக்கே கழுத்தை நீட்டுகிறாள். உள்நாட்டுப் போர் வருது. புருஷன் போயிடுறான், அம்மா போயிடுறாங்க, அட்லான்டா பற்றி எரியுது. வரி கட்டப் பணம் இல்லாம தங்கச்சிக்குப் பேசிவெச்ச ஆளையே ரெண்டாவதா கட்டிக்கிறாள். மூணாவது புருஷன்தான் ரெட் பட்லர்... கிளார்க் கேபிள்! மெல்லிசு மீசையும் நக்கல் சிரிப்புமா வருவாரே, அவரேதான். க்ளைமாக்ஸ்ல அவரும் கதவைத் திறந்துக்கிட்டுப் போயிடுவார்.

மார்கரெட் மிட்செல் 1936-ல் எழுதின நாவல் இது. அடுத்த வருஷமே புலிட்சர் பரிசு. படத்துக்கு போட்டிப் பிரிவுகள்லயே எட்டு ஆஸ்கர். விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டா, உலகத்திலேயே அதிகம் வசூலிச்ச படம்னு இன்னிக்கும் இதைத்தான் சொல்றாங்க. ஸ்கார்லெட்டா நடிச்ச விவியன் லீ பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம டார்ஜீலிங்ல, 1913-ல்! அமெரிக்கத் தெற்கத்திப் பொண்ணா நடிக்க ஒரு பிரிட்டிஷ் நடிகையா என்று அப்பவே ஒரு கோஷ்டி கொந்தளிச்சுது. படம் வந்ததும் கப்சிப்.

சரி, சண்டைக்கு வருவோம். ரசிகர்கள் முதல்ல பிரியுறது ஸ்கார்லெட் கட்சி, மெலனி கட்சின்னுதான். 'சுயநலப் பிசாசு, அடுத்தவ புருஷனுக்கு நாலு மணி நேரமா ரூட் விடுறா' என்பது மெலனி கட்சியின் வாதம். 'அந்தப் பிசாசு இல்லைன்னா, பிரசவத்துல கிடந்த மெலனியே எரியுற ஊர்ல செத்திருப்பா' என்பது ஸ்கார்லெட் கட்சியின் பதிலடி. இடைவேளைக்கு முன்னாடி ஒரு சீன். பாழாய்ப்போன தோட்டத்தில் மண்ணைக் கிளறி, ஒரு கிழங்கைப் பிடுங்கித் தின்னு, குமட்டி, எழுந்து நின்னு 'இனி ஒருநாளும் பசியோட இருக்க மாட்டேன்'னு வானத்தைப் பார்த்துச் சபதம் போடுவாள். லண்டன்ல இந்தப் படம் 1940-ல் வந்து, குண்டு விழுந்துக்கிட்டிருந்த காலத்திலும் வருஷக்கணக்கா ஓடுச்சு. ரேஷன்ல சாப்பாடு வாங்கிக்கிட்டு, புருஷனைப் போருக்கு அனுப்பிட்டு உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அந்த சீன் வெறும் சினிமாவா இருந்திருக்குமா என்ன? இந்த விஷயத்துல நான் ஸ்கார்லெட் கட்சிதான். நல்லவளா இருக்கிறதுக்கும் வீட்ல நாலு பேருக்குச் சோறு வேணும்.

அடுத்த சண்டை கொஞ்சம் சீரியஸ். குடிச்சிட்டு வர்ற ரெட், திமிறுகிற ஸ்கார்லெட்டை அப்படியே தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறுவான். மறுநாள் காலைல அவள் சிரிச்சுக்கிட்டே எழுந்திருப்பாள். பல வருஷம் போஸ்டர் போட்டுக் கொண்டாடின 'ரொமான்ஸ்' இது. 'அவள் முடியாதுன்னுதானே திமிறினா, அப்புறம் எதுக்கு அந்தச் சிரிப்பை ஒட்டவெச்சீங்க'ன்னு பின்னால வந்த பெண் ரசிகர்கள் கேட்டாங்க. கரெக்டான கேள்வி. அந்தச் சிரிப்பு ஸ்கார்லெட்டோடது இல்லை, படத்தை எடுத்தவங்களோடது.

ஆனா இந்த ரெண்டு சண்டையும் போடுறவங்க எல்லாரும் தியேட்டர்ல ஒரே வரிசைல உட்கார்ந்திருக்காங்க. எதிர் வரிசைக்குப் போய்ப் பாருங்க, படமே வேற!

மிச்சிகன் மாநிலத்தில் மேசன்னு ஒரு சின்ன ஊர். அங்கே தியேட்டர்ல இந்தப் படம் பார்க்கிறான் ஒரு கறுப்பினப் பையன். ஹால் முழுக்க வெள்ளைக்காரர்கள், அவன் ஒருத்தன் மட்டும்தான் கறுப்பு. திரையில் பிரிஸி என்கிற வேலைக்காரச் சிறுமி கீச்சுக்குரலில் உளறி, பயந்து, ஸ்கார்லெட்கிட்ட அறை வாங்குகிறாள். தரைவிரிப்புக்கு அடியில் புகுந்துக்கலாம் போல கூசிப்போச்சுன்னு பிறகு தன் சுயசரிதைல சொல்லியிருக்கான் அந்தப் பையன். யார் தெரியுமா? மால்கம் எக்ஸ்!

அவருக்குக் கூசினதுக்குக் காரணம் இருக்கு. இந்தப் படத்துல அடிமைச் சந்தை இல்லை, ஏலம் இல்லை. வயலில் வேலை பார்க்கிறவங்க சந்தோஷமா வீடு திரும்புவாங்க. விடுதலை வந்த பிறகும் 'எங்க முதலாளியம்மா'ன்னு விசுவாசமா டாராலயே கிடப்பாங்க. ஸ்கார்லெட்டை வளர்த்த மேமிக்கு (நம்ம ஊர் மாமி இல்லைங்க, அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகளை வளர்க்கிற கறுப்பினப் பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவாங்க) சொந்தமா ஒரு பேர்கூட கிடையாது. அவளுக்குன்னு ஒரு குடும்பம் இருந்துச்சா, பிள்ளைங்க இருந்தாங்களா? நாலு மணி நேரத்துல யாரும் கேட்கலை.

அந்த மேமியா வாழ்ந்து காட்டினவர் ஹாட்டி மெக்டேனியல். அவரோட அப்பா நிஜமாவே அடிமையா இருந்து, உள்நாட்டுப் போர்ல வடக்குப் படைக்காகப் போரிட்டவர். 1939 டிசம்பர் 15-ம் தேதி அட்லான்டாவில் பிரமாண்ட பிரீமியர். ஊரே திருவிழாக்கோலம். ஹாட்டி மட்டும் வரலை. வெள்ளையர் தியேட்டர்ல அவருக்கு இடமில்லைன்னு அந்த ஊர்ச் சட்டம் சொல்லுச்சு. அதே விழாவை ஒட்டி நடந்த ஒரு நடன விருந்தில் கறுப்பினச் சர்ச்சின் பாடகர் குழு, அடிமைகள் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டுப் பாடினாங்க. அதில் பத்து வயசுச் சிறுவன் ஒருத்தன்... பேரு மார்ட்டின் லூதர் கிங்!

1940 பிப்ரவரி 29. சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் ஹாட்டிக்கு. ஆஸ்கர் வாங்கின முதல் கறுப்பினக் கலைஞர். ஆனா, அந்த ஹோட்டல்ல கறுப்பர்களுக்கு அனுமதி இல்லாததால், சிபாரிசு பண்ணித்தான் உள்ளே விட்டாங்க. படக்குழுவோட இல்லாம, சுவரோரமா தனி டேபிள்.

'அட, அது அந்தக் காலத்துப் படம். அப்ப யாருக்கும் இது தப்பாத் தெரியலை'ன்னு இப்ப ஒருத்தர் கிளம்புவார், பாருங்க. தெரிஞ்சுது சார்! படப்பிடிப்புக்கு முன்னாடியே கறுப்பின உரிமை அமைப்பின் தலைவர் வால்டர் ஒயிட், தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கோட கடிதம் மூலமா மல்லுக்கட்டினார். கறுப்பர்களைத் திட்டுற அந்த அசிங்கமான வார்த்தை ஸ்கிரிப்ட்டை விட்டுப் போனதுக்கு அப்படிப்பட்ட எதிர்ப்புதான் காரணம். நாடகக் கலைஞர் கார்ல்டன் மாஸ் 1940-லயே பகிரங்கக் கடிதம் எழுதிக் கிழிச்சார். பிரிஸியா நடிச்ச பட்டர்ஃபிளை மெக்குயினுக்கே அந்த வேஷம் பிடிக்கலை. தர்பூசணி கடிக்கிற மாதிரி ஒரு சீன் நடிக்கச் சொன்னப்போ, முடியாதுன்னுட்டார். அந்தக் காலத்துல தெரிஞ்சவங்க இருந்தாங்க. அவங்க சொன்னதை யாரும் காதுல வாங்கலை, அவ்வளவுதான்.

2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு, திரைக்கதை ஆசிரியர் ஜான் ரிட்லி, 'கொஞ்ச நாளைக்கு இந்தப் படத்தை எடுத்து வையுங்க'ன்னு எழுதினார். ஹெச்.பி.ஓ. மேக்ஸ் எடுத்துட்டாங்க. உடனே என்னாச்சு? இன்னொரு பக்கம் அமேசான்ல படம் விற்பனைல நம்பர் ஒன்! 'வரலாற்றை அழிக்காதே'ன்னு ஒரு கூட்டம், 'பொய் வரலாற்றைத்தானே அழிக்கிறோம்'னு ஒரு கூட்டம். ரெண்டு வாரத்துல படம் திரும்பி வந்துச்சு, முன்னாடி ஜாக்குலின் ஸ்டீவர்ட் என்ற கறுப்பினத் திரைப்பட ஆய்வாளரின் அறிமுக உரையோட.

எனக்கு இந்த ஏற்பாடு பிடிச்சிருக்கு. ஒளிச்சு வெச்சா, ஹாட்டியோட நடிப்பும் சேர்ந்துதான் ஒளியும். கடைசிப் பகுதில, செத்துப்போன குழந்தையைப் பற்றி மெலனிகிட்ட சொல்லிக்கிட்டே அவர் மாடிப்படி ஏறுவார். மூச்சு வாங்கும், குரல் உடையும். ரெட் ஸ்கார்லெட்டைத் தூக்கிட்டு ஏறின அதே வீட்டுப் படிக்கட்டு. என்னைக் கேட்டா, படத்தோட உச்சம் இந்தப் படியேற்றம்தான்.

இன்னொரு விஷயம். ஆலிஸ் ராண்டல் என்ற கறுப்பின எழுத்தாளர் 2001-ல் ஒரு நாவல் எழுதினார், 'தி விண்ட் டன் கான்'. மேமிக்கும் அந்தத் தோட்டத்து முதலாளிக்கும் பிறந்த மகள், அதாவது ஸ்கார்லெட்டோட தங்கை முறை, இதே கதையைத் தன் பக்கத்திலிருந்து சொல்றாள். மிட்செல் தரப்பு கோர்ட்டுக்கே போச்சு. 2002-ல் சமரசமாகி, புத்தகம் இப்பவும் கிடைக்குது. அடுத்த லீவுல படத்தைப் பார்த்துட்டு, கையோட இதையும் தேடிப் படிங்க. அப்புறம் டீக்கடை வாசலுக்கு வாங்க, வெச்சுக்கலாம் சண்டையை!